அடித்தது நானில்லை, காத்து

சீனன்குடாவில் பெரிய சாமான்களுக்குக் குறைவில்லை. விமானப்படைத் தளமும் ஓடுபாதையும் இருக்கின்றன. கப்பலில் கோதுமை வந்து இறங்குகிற பிறீமா மா ஆலை இருக்கிறது. வெள்ளைக்காரன் காட்டுக்குள் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் பன்னிரண்டாயிரம் தொன் கொள்ளும். 2022 ஜனவரியில் அவற்றைப் பங்கு பிரித்தபோது இந்தியக் கம்பனிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டு பேருக்கும் பொதுவில் 61 என்று எழுதினார்கள். ஊர்ச் சனத்துக்கு எத்தனை என்று தேநீர்க் கடையில் ஒருவர் கேட்டார். பேப்பரை வாங்கி இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தோம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

இவ்வளவு இருந்தும் பேப்பரில் படம் வருகிற விளையாட்டு வீரன் ஒருவன் எங்களுக்கு வாய்க்கவில்லை. ஊருக்குள் மட்டும் செல்லுபடியாகிற நட்சத்திரம் ஒருவர் உண்டு. அவர் ஆடுவது எல்லே.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்காக: எல்லே என்பது கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு, பேஸ்போலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். மட்டைக்குப் பதில் நல்ல மூங்கில் தடி. பந்தை அடிக்க மூன்று சந்தர்ப்பம் தருவார்கள். அடித்தவன் தடியைப் போட்டுவிட்டு வட்டமாக ஓடவேண்டும். வழியில் தரிப்பிடங்கள் இருக்கின்றன, பயந்தால் நின்றுகொள்ளலாம். முழுச் சுற்றும் ஓடி முடித்தால் ஓர் ஓட்டம். பந்து அந்தரத்தில் பிடிபட்டால் ஆட்டமிழப்பு. ஓடுகிறவன் முதுகில் பந்தால் எறிந்து பட்டாலும் ஆட்டமிழப்பு. கிரிக்கெட்டில் நடுவரோடு வாதாட இடமிருக்கிறது. எல்லேயில் முதுகு சிவந்திருந்தால் வழக்கு முடிந்தது. பாடசாலைகளில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் வயிறு வைத்தவர்களும் ஆடுகிறார்கள்.

எங்கள் நட்சத்திரத்துக்கு மேசன் வேலை. பெயரை எழுதமாட்டேன். எழுதினால் வெட்கத்தில் ஒரு கிழமை வேலைக்குப் போகமாட்டார், அரைவாசியில் நிற்கிற சுவர்களின் சொந்தக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். அண்ணை என்றால் இங்கே எல்லோருக்கும் விளங்கும். அண்ணை தடியைப் பிடித்தால் எதிரணி கேட்காமலே பின்னுக்குப் போகும். பந்து பனைக்கு மேலால் போய்க் குடாத் தண்ணீரில் விழும். சின்னப் பெடியள் நீந்திப் போவார்கள். சில பந்துகள் திரும்பி வந்ததேயில்லை.

“எப்பிடி அண்ணை அடிச்சனீங்கள்?” என்று கேட்டால் ஒரே பதில்தான். “நான் எங்க அடிச்சது? கச்சான் காத்து கொண்டுபோட்டுது.”

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் விடமாட்டார். “சித்திரையில ஏதடா கச்சான்? அது வைகாசிக்குப் பிறகல்லோ வரும்.”

அண்ணை கொஞ்சம் யோசிப்பார். “அப்ப பந்து புதுசு சேர். அதுதான்.”

நட்சத்திரங்களின் பணிவை எழுதுகிறவர்கள் எல்லோரும் அதை வளர்ப்பு என்றும் பிறவிக் குணம் என்றும் எழுதுகிறார்கள். நான் பார்த்தவரையில் காரணம் வேறு. ஊர் முழுக்கப் பெருமை பேசித் தீர்த்துவிடுகிறது. நட்சத்திரத்துக்குப் பேசுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. பந்தியில் கடைசியாக உட்காருகிற கலியாண வீட்டுக்காரனின் நிலைதான் அவனுக்கும்.

மேலே சொன்ன வாத்தியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லே எத்தனை ஆயிரம் வருஷப் பழையது என்று அவரைக் கேட்டால், கேட்கிறவரின் படிப்பைப் பொறுத்து எண்ணிக்கை கூடும். பேஸ்போல் இங்கேயிருந்துதான் அமெரிக்காவுக்குப் போனது என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. அதற்கு ஆதாரமும் வைத்திருக்கிறார். 1944 இல் சரடோகா என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலைக்கு வந்தது உண்மை. இங்கிருந்து பிரித்தானியரின் இல்லஸ்ட்ரியஸ் கப்பலோடு புறப்பட்டுப் போய், ஏப்ரல் 19 அன்று சுமாத்திராவின் வடமுனைக்கு அப்பால் சபாங்கைத் தாக்கியதும் உண்மை. புறப்படுவதற்கு முன் அதன் மாலுமிகள் கரையில் எங்கள் பெடியள் எல்லே ஆடுவதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள் என்பது மட்டும் வாத்தியாருடையது. பேப் ரூத் 714 ஹோம் ரன் அடித்து 1935 இலேயே ஓய்வு பெற்றுவிட்டாரே சேர், கப்பல் வந்தது அதற்கு ஒன்பது வருஷம் கழித்தல்லவா என்று கேட்டேன். அவர் ஒரு மிடறு தேநீர் குடித்தார். “அப்ப அதுக்கு முந்தி வந்த கப்பலில கண்டிருப்பாங்கள்.”

பேஸ்போல் வெறி பிடித்த இன்னொரு நாடு ஜப்பான். அவர்களும் இங்கே வந்திருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஆகாயத்தால் வந்தார்கள். துறைமுகத்திலும் ஓடுபாதையிலும் குண்டு போட்டார்கள்; ஒரு விமானம் எண்ணெய்க் குதத்தின் மேலேயே விழுந்து நாட்கணக்கில் எரிந்தது. நெடுங்காலம் கழித்து அதே ஜப்பானியர் இலங்கைக்குப் பேஸ்போல் மைதானம் ஒன்று அமைத்துக்கொள்ள உதவினார்கள். அது இருப்பது ஹோமாகமைக்குப் பக்கத்தில், தியகமவில். குண்டு எங்களுக்கு, மைதானம் கொழும்புப் பக்கத்துக்கு.

இந்தியாவிலிருந்தும் பேஸ்போலுக்கு இரண்டு பேர் போனார்கள். ரிங்கு சிங், தினேஷ் பட்டேல். உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பெடியள், ஈட்டி எறிகிறவர்கள். 2008 இல் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகமாக எறிந்து காட்டினார்கள். அந்த வருஷமே பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகம் ஒப்பந்தம் போட்டது. 2014 இல் அவர்கள் கதையை ஹொலிவூட்டில் படமாக எடுத்தபோது இசை ஏ. ஆர். ரகுமான். அந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் தேநீர்க் கடையில் பேஸ்போல் தமிழர் விளையாட்டாக ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ரிங்கு சிங் பிறகு அமெரிக்க மல்யுத்த மேடைக்குப் போய் வீர் மகான் ஆனார். அவரைப் பற்றிக் கடையில் கருத்து வேறுபாடு உண்டு, விடுவோம்.

உண்மையான சின்ன ஊர் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சேலத்துக்குப் போகவேண்டும். சின்னப்பம்பட்டி. பெயரிலேயே சின்னதை வைத்திருக்கிற ஊர். கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜனின் அப்பா தறித் தொழிலாளி, அம்மா தெருவோரத்தில் கோழி இறைச்சிக் கடை போட்டவர், ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். இருபது வயது வரை ரெனிஸ் பந்துதான். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சத்தில் தொடங்கி 3 கோடியில் நின்றார். 2020 கடைசியில் அவுஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காகத்தான் கூட்டிப்போனார்கள். மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் காயப்பட, டிசம்பர் 2 இல் ஒருநாள் போட்டி, 4 இல் இருபது ஓவர், ஜனவரி 15 இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றிலும் அறிமுகமானார். அவருக்கு முன் எந்த இந்தியருக்கும் அப்படி நடந்ததில்லை. யோக்கர் யோக்கர் என்று உலகம் பேசியது. கிண்ணம் வென்றதும் இருபது ஓவர் தொடரில் கோலியும் டெஸ்ட் தொடரில் ரஹானேயும் அதை இவர் கையில் கொடுத்துவிட்டார்கள். படங்களில் பார்த்தால், யாரோ கொஞ்சம் பிடித்துக்கொள் என்று தந்த சாமானைக் கீழே போட்டுவிடாமல் காக்கிற முகம்.

ஊர் விடுமா? ஜனவரி 21 அன்று திரும்பி வந்தவரை ரதத்தில் ஏற்றி மேளதாளத்தோடு ஊர்வலம் விட்டார்கள். காணொளி நாடு முழுக்கச் சுற்றியது. இப்படியான இடத்தில்தான் மனிதன் கெடுவது வழக்கம். நடராஜன் என்ன செய்தார் தெரியுமா? சில நாட்களில் பழனிக்குப் போய் மொட்டை போட்டார். என்ன ஒரு மூளை! மொட்டை அடித்தவனைப் பார்த்துத் தலைக்கனம் என்று சொல்ல எந்த ஊருக்கும் வாய் வராது. ஆனந்த் மகிந்திரா கார் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தபோது, பிரிஸ்பேனில் போட்டிருந்த சட்டையில் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பினார். சட்டையின் முதுகில் தன் பெயருக்கு முன்னால் தன்னைத் தூக்கிவிட்ட ஜெயபிரகாஷ் அண்ணனின் இரண்டு எழுத்துகள்: ஜேபி நட்டு.

இதோடு நின்றிருந்தால் வழக்கமான பணிவுதான், நானும் என் கொள்கையை அங்கேயும் பொருத்தியிருப்பேன். ஆனால் ஊரில் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கழகம் தொடங்கினார். 2023 ஜூனில் புல் போட்ட கிரிக்கெட் மைதானமே திறந்தார். திறந்து வைத்தவர் தினேஷ் கார்த்திக். பணிவுக்கு விஸ்தீரணமும் எல்லைக்கோடும் இருக்க முடியும் என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

இந்தப் பக்கத்திலும் ஒரு பெடியன் எழும்பினான். விஜயகாந்த் வியாஸ்காந்த், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, கால் சுழல். நடராஜன் அறிமுகமான அதே 2020 டிசம்பர் முதல் வாரத்தில் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக இறங்கி, முதல் விக்கெட்டாக அஞ்சலோ மத்தியூஸையே எடுத்தான். 2024 இல் வனிந்து ஹசரங்கவின் இடத்துக்கு சன்ரைசர்ஸ் ஹைதராபாத் கூப்பிட்டது. மே 8 அன்று லக்னோவுக்கு எதிராக முதல் ஆட்டம். நான்கு ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை.

அன்று சீனன்குடாவில் வியாஸ்காந்த் யாழ்ப்பாணத்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கட பெடியன். 2006 இல் உயர் நீதிமன்றம் பிரிக்கச் சொன்ன வடக்கும் கிழக்கும் அந்த நான்கு ஓவரும் இணைந்திருந்தன. பிறகு அவனுடைய அணியின் ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் வந்து 166 என்ற இலக்கை விக்கெட் விழாமல் 9.4 ஓவரில் அடித்து முடித்தார்கள். கடையில் பொழிப்புரை வேறு. பெடியன் இறுக்கிப் போட்டதால்தான் இலக்கு 166 இல் நின்றது, அதனால்தான் ஹெட்டுக்குச் சுகமாய்ப் போனது. ஹெட்டின் 89 ஐ யாரோ நினைவூட்டினார்கள். அவரும் வெளியூர்க்காரர்தான் என்று வாத்தியார் முடித்துவைத்தார்.

அண்ணையும் அன்று கடையில் இருந்தார். பேசவில்லை. பந்து போடுகிற கையை மட்டும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய ஆட்டத்தைப் பற்றி நாங்கள் பேசத் தொடங்கினால் தேநீர்க் காசைக் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். அப்படியும் விடமாட்டோம். தடி சுழற்றுகிற கை, குறி தப்பாத எறி என்பதால் ஊரில் அவருக்கு வேறு உத்தியோகங்களும் உண்டு. வயரில் சிக்கிய பட்டம், எட்டாத கொப்பில் மாங்காய், திருவிழாவுக்கு மரத்துக்கு மேலால் கயிறு எறிவது. ஒருவரை உயரத்தில் வைத்துக் கொண்டாடுவது என்பது எங்கள் ஊரில் சொல்லுக்குச் சொல் உண்மை. ஏணியைப் பிடிக்கத்தான் ஆள் வராது.

ஒரு முறை அவருக்குப் பாராட்டு விழா வைத்தோம். மாலை, பொன்னாடை, ஒலிபெருக்கி, எல்லாம். பேச்சாளர்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவர் தன்னுடைய இளமைக்கால எல்லேயைப் பேசினார். இன்னொருவர் பிரதேச அபிவிருத்தி பேசினார். வாத்தியார் சரடோகாவை மறுபடி துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கட்டினார். பொன்னாடைகளில் பேச்சாளருக்குப் போனதே கூட. கடைசியில் நேரம் போய்விட்டது, ஒரு நிமிஷம் என்று சொல்லி ஒலிவாங்கியை அண்ணை கையில் கொடுத்தார்கள். வியர்த்துக்கொட்ட நின்றார். பிறகு சொன்னார்: “எல்லாருக்கும் நன்றி. கதிரையள் வாடகைக்கு எடுத்தது. என்ர பேரிலதான் எடுத்திருக்கு. தயவுசெய்து ஒருத்தரும் வீட்டை கொண்டு போகாதேங்கோ.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. பணிவின் சிகரம் என்றார்கள். கதிரை எண்ணும்போது நான் பக்கத்தில் நின்றேன். அதில் பணிவு கொஞ்சமும் தெரியவில்லை, ஓர் ஆள் கணக்குப் பார்ப்பதுதான் தெரிந்தது. இரண்டு குறைந்தது. அதற்கான காசையும் அவரே கட்டினார்.

சித்திரை வருஷத்துக்கு இந்தப் பக்கம் வருகிறவர்கள் அண்ணையின் ஆட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். பொன்னாடை கொண்டுவர வேண்டாம், அவரிடம் வைக்க இடமில்லை. ரெனிஸ் பந்து கொண்டுவாருங்கள், ஒன்றுக்கு மேல்.