ட்யூனர் கார்டும் அதன் ரிமோட்டும்

கேபிள்காரர் இழுத்துவிட்ட வயரைக் கணினிக்குள் சொருகிக்கொள்ள உதவிய பச்சை அட்டையே டிவி ட்யூனர் கார்டு. அனலாக் கேபிள் ஓய்ந்த பிறகும், பரணில் கிடக்கும் கல்யாண வீடியோ கேசட்டைக் கணினிக்கு மாற்ற இதைத் தேடுவோர் உண்டு. பழைய கார்டுக்கு பிசிஐ ஸ்லாட் வேண்டும். இன்றைய மதர்போர்டுகளில் அது அநேகமாக இல்லை. விற்பவர் இதைச் சொல்வதில்லை. கேபினெட்டைக் கழற்றிய பிறகு மதர்போர்டே சொல்கிறது. போன வாரம்கூட ஒன்று சொன்னது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற வரி பில்லில் இருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

ஸ்லாட் இருந்தால் அடுத்தது சிப். சென்னை ரிச்சி தெருவில் விதவிதமான பெயர்களில் விற்ற பல பெட்டிகளுக்குள் இருந்தது ஒரே பிடி878 தான். அந்தச் சிப் வைத்த கார்டுகளுக்கு லினக்ஸ்காரர்கள் எண் போட்டு வைத்த பட்டியல் 150-ஐத் தாண்டியது. அதனால் சிப்பைப் பார்த்து வாங்குவது என்பது பெட்டியின் நிறத்தைப் பார்த்து வாங்குவதுதான்.

மூன்றாவது, ஒளிபரப்பு முறை. அனலாக் காலத்தில் இந்தியாவில் 625 வரிகள் கொண்ட பால். அமெரிக்காவில் 525 வரிகள் கொண்ட என்டிஎஸ்சி இருந்தது. அமெரிக்க மாப்பிள்ளை ஆசையாய் வாங்கிவந்த கார்டில் இங்கே படம் வந்தாலும் சத்தம் வராது. மாப்பிள்ளை என்பதால் அதை யாரும் சொன்னதும் இல்லை.

பதிவு செய்ய எம்பெக் சுருக்கம் கார்டிலேயே நடப்பது நல்லது. சுருக்காமல் பதிந்தால் நொடிக்குச் சுமார் 20 எம்பி. 40 ஜிபி ஹார்டு டிஸ்க் அரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். மெகாசீரியல் ரசிகர்கள் கவனிக்க.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டவர் கடைசியில் ரிமோட் இருக்கும் கார்டைத்தான் வாங்குவார். எல்லோரும் அதைத்தான் வாங்கினார்கள். ரிமோட்டின் கண் கார்டில் இல்லை, ஒரு மெல்லிய வயரின் நுனியில் இருக்கிறது. வயர் சிபியூவின் முதுகில் கிளம்பி, மேசையைச் சுற்றி மானிட்டர் வரைக்கும் வர வேண்டும். அதற்கு ஒரு சாண் முன்பே முடிந்துவிடும். ஆகவே சிபியூ நகர்த்தப்படும். அதற்காக மேசை, மேசைக்காகக் கட்டில். கண்ணை டபுள் சைடு டேப்பால் ஒட்டினால் இரண்டாம் நாள் விழும். செல்லோ டேப் ஒட்டினால் கண்ணையே மறைக்கும். ஊதுபத்தி ஸ்டாண்டில் நிறுத்தியவர்களும் உண்டு. எல்லாம் முடிந்து கட்டிலில் சாய்ந்து பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் மென்பொருள் ஓடினால்தான் ரிமோட் ஓடும். மென்பொருளைத் திறக்க எழுந்து போய் மவுஸைப் பிடிக்க வேண்டும். கடைசி ஓவரில் அது உறைந்துபோனால் மறுபடி எழ வேண்டும். இதை வடிவமைத்தவர் வீட்டில் கட்டிலே இல்லை போலும்.

சென்னைவாசிகளுக்கு இன்னொரு விசேஷம் இருந்தது. 2003 செப்டம்பர் 1 முதல் அங்கே கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. பாக்ஸிலிருந்து மஞ்சள் பின் வழியாகப் படம் வரும். சேனல் மாற்றுவதெல்லாம் பாக்ஸின் ரிமோட். கார்டின் ரிமோட்டில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எதை அழுத்தினாலும் பாக்ஸ் அசையாது. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும் அது பயன்படும், மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால்.