வாழை வலிக்கிறது

கிழக்கு லண்டன் சந்தையில் காய்கறி விற்கும் அந்தப் பெரியவர் மாடிப்படி ஏறுவதில்லை, ஆப்பிள் ஏறுகிறார். ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’ என்றால் ‘ஸ்டேர்ஸ்’. ஓசை ஒத்துவரும் பேரிக்காயை விழுங்கிவிட்டு, ஒட்டும் உறவும் இல்லாத ஆப்பிளை மட்டும் நம் கையில் கொடுப்பார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், தலைக்கு எதுகை வாழையிலை. இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு டாக்டரிடம் போய், “காலையிலிருந்து வாழை வலிக்குது சார்” என்பது மாதிரி.

மனைவியைப் பற்றிப் பேசும்போது மட்டும் எதையும் விழுங்குவதில்லை. ‘ட்ரபிள் அண்ட் ஸ்ட்ரைஃப்’ என்று தொல்லையையும் சண்டையையும் முழுசாகச் சொல்வார். ‘ஒய்ஃப்’ என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். அம்மாள் கடைக்கு வந்துவிட்டால் ‘டார்லிங்’தான்.

காசு விஷயத்தில் எதுகையும் கிடையாது, மிருகங்கள்தான். மட்டக்குதிரை என்றால் 25 பவுண்டு; குரங்கு என்றால் 500. “பழைய வேன், ரெண்டு குரங்குக்கு முடிச்சேன்” என்பார். குரங்கு எப்படி வந்தது என்றால், குரங்குப் படம் போட்ட 500 ரூபாய் நோட்டை அந்தக் காலத்துச் சிப்பாய்கள் உங்கள் நாட்டிலிருந்துதான் கொண்டுவந்தார்கள் என்று என் மேலேயே பழியைப் போடுவார். அந்த நோட்டைக் கண்டவர் யார் என்று கேட்டால் தக்காளி நிறுக்கப் போய்விடுவார்.

இப்படிப் பேசும் கிழக்கு லண்டன்காரருக்குக் காக்னி என்று பெயர். போ தேவாலய மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவன்தான் அசல் காக்னி என்பது ஐதீகம். 1941இல் குண்டுவீச்சில் அந்த மணிகள் போயின. புது மணி ஒலித்தது 1961இல். இடைப்பட்ட இருபது வருஷமும் அசல் காக்னி ஒருவன்கூடப் பிறக்கவில்லையா என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். அவர் பிறந்ததும் அப்போதுதான்.

இந்த எதுகைப் பேச்சு போலீஸ்காரனுக்குப் புரியாத ரகசியப் பாஷை என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். ஹாட்டன் என்பவர் 1859லேயே இதை அகராதியில் அச்சடித்துவிட்டார். 2009இல் கிழக்கு லண்டன் ஏ.டி.எம். சிலவற்றில் காக்னியும் ஒரு மொழியாகச் சேர்ந்தது. பின் நம்பர் கேட்க அந்த இயந்திரம் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ என்றது. ரகசியம் இவ்வளவு பத்திரமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவானால் அவருக்கு ‘ரூபி’ வேண்டும். ரூபி மரி 1950களில் கொடிகட்டிப் பறந்த பாடகி. ‘மரி’யோடு ஓசை ஒத்துப்போவது நம் ‘கறி’. ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் யாராவது பெரியவர் உங்களை நிறுத்தி, நல்ல ரூபி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் நகைக்கடைக்கு வழி காட்டாதீர்கள். பாவம், பசியோடு வந்திருப்பார்.