கடன் வாங்கிய நினைவகம்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிடும். அதற்குள் டிசைன் முடித்து, பிளேட் போட்டு, மெஷினில் ஏற்றியாக வேண்டும். 2001 வாக்கில் ஓர் அச்சகத்தின் டிடிபி அறையில் வேலை பார்த்தேன். அந்த அவசரம் முழுவதையும் சுமந்தது 128 எம்பி ரேம்.

எங்கள் மதர்போர்டில் இருந்தது இன்டெல் 810 சிப்செட். 1999-இல் வந்த அது, கிராபிக்ஸை போர்டிலேயே சேர்த்துக் கொடுத்ததால் தனியாக கார்டு வாங்கும் செலவு மிச்சம். எங்களைப் போன்ற சின்ன ஆபீசுக்கு கம்ப்யூட்டர் வந்ததே அந்த விலையால்தான். ஆனால் அந்த கிராபிக்ஸ், திரையில் படம் காட்டுவதற்கும் இருக்கிற ரேமில்தான் பங்கு கேட்கும். விருதுநகர் கோடையில் ஒரே குடம் தண்ணீரை வைத்துச் சமையலையும் குளியலையும் ஒப்பேற்றுகிற கதைதான். பிறகு தனி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்றால், 810-இல் ஏஜிபி ஸ்லாட்டும் கிடையாது.

15-க்கு 20 அங்குல காலண்டர் படத்தை 300 டிபிஐ-யில், நான்கு கலரில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,500-க்கு 6,000 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட். ஒரே லேயருக்கு 100 எம்பியைத் தாண்டிவிடும். முருகன் ஒரு லேயர், மயில் ஒரு லேயர் என்று பிரித்தால் ரேம் போதாமல் ஃபோட்டோஷாப் ஹார்ட் டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். டிஸ்க் கரகரவென்று ஓடும். மயில் இருந்த இடத்திலேயே நிற்கும்.

"தம்பி, பார்ட்டி வந்து உக்காந்துருக்காரு. முடிஞ்சிருச்சா?"

"இன்னும் சேவ் ஆகல அண்ணாச்சி."

கட்டிங் மெஷினிலிருந்து பறக்கும் காகிதத் தூசி வேறு. சில காலையில் சிஸ்டம் எழாமல் பீப் பீப்பென்று கத்தும். மூடியைக் கழற்றி, ஸ்லாட்டின் இரு பக்கக் கிளிப்பையும் விலக்கி, ரேமை உருவி, அதன் தங்க நிறக் காண்டாக்ட்டுகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, தூசி தட்டி மறுபடி அழுத்துவோம். கிளிப் 'டக்' என்று மூடினால் உயிர் வரும். பக்கத்து ஸ்லாட் காலியாக இருந்தது. காசு சேர்ந்ததும் அண்ணாச்சி இன்னொரு 128 வாங்கிப் போட்டார். அந்த சீசனில் வேலை ஓடியது. 512 எம்பி வரை ஏற்ற அந்த போர்டில் இடம் இருந்தது.

இப்போது கிராபிக்ஸ் போர்டை விட்டுப் பிராசஸருக்குள் போய்விட்டது. வேகம் எங்கேயோ போயிருக்கிறது, ஆனால் ரேமில் கடன் வாங்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. அதனால்தான் ரேமை எப்படிப் போடுகிறோம் என்பது இன்றும் முக்கியம். டிடிஆர்4 3200 ரேம் ஒன்றைப் போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி வரை போய்வர வழி உண்டு. ஒரே மாதிரி இரண்டை இரு சேனலில் போட்டால் அது 51.2 ஆகிறது. ஒரே 16 ஜிபியை விட இரண்டு 8 ஜிபி, உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கு அதிகம் உதவும். இதைச் சொல்லி விற்கிற கடைக்காரர் எனக்கு அரிதாகவே கிடைத்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடிகிற டெஸ்க்டாப் பிராசஸர்களில் கிராபிக்ஸ் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அதில் படம் வராது. தனி கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும். பட்டாசு லேபிளும் தினசரி காலண்டரும் செய்கிறவருக்கு அந்தச் செலவு பெரும்பாலும் வேண்டாத செலவு. அந்தப் பணத்தில் கூடுதல் ரேமும், கலரை உள்ளபடி காட்டும் மானிட்டரும் வாங்கலாம்.

மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டோடு சால்டர் செய்துவிடுகிறார்கள். வாங்கிய அன்று இருப்பதுதான் கடைசி வரை. கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்துக் கருவியை வளர்த்துக்கொள்ளும் வழியை இது சிறு தொழில்காரரிடமிருந்து பறிக்கிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

சிவகாசியிலோ சாத்தூரிலோ புதிதாக டிடிபி கடை போடும் தம்பி, தங்கைகள் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ரேமுக்கு எத்தனை ஸ்லாட்? அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏறும்? பிராசஸரில் கிராபிக்ஸ் இருக்கிறதா? மூன்றுக்கும் நேர்ப்பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.