சிஸ்டம் சார்

விடியற்காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்குக் கிளம்பும் மின்சார ரயிலில், சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் தூங்கிக்கொண்டே ஏறுவார்கள். பொன்னேரியில் மீன் கூடை ஏறும். மீஞ்சூரில் கல்லூரிப் பிள்ளைகள். இந்தக் கூட்டத்தில் ஜன்னலோரமாக ஒருவர் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருப்பார். பைக்குள் சாப்பாட்டு டப்பா, ஸ்க்ரூ டிரைவர், மூன்று பென்டிரைவ், சொந்தக் காசில் வாங்கிய ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்று. பள்ளிக்கூடத்துக் கேபிளை நம்பி அவர் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. சென்னையில் இயேசு சபை நடத்தும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் சிஸ்டம் சார் அவர்.

பதவி என்ன என்று கேட்டால் அவருக்கே குழப்பம். நியமன உத்தரவில் 'ஆய்வக உதவியாளர்'. பதிவேட்டில் 'அலுவலகம்'. பையன்கள் வாயில் 'கம்ப்யூட்டர் சார்'. ஆண்டு விழா நன்றியுரையில் மட்டும் 'மற்றும் பலர்'.

முன்பு சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். அங்கே மெஷின் நின்றால் ஷிஃப்ட் இன்சார்ஜ் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். திட்டி முடித்ததும் டீ வாங்கிக் கொடுப்பார். இங்கே புரொஜெக்டர் நின்றால் ஃபாதர் புன்னகையோடு, "பரவாயில்ல, மெதுவா பாருங்க" என்கிறார். அந்தப் புன்னகைக்கு உருக்காலையே தேவலாம் என்பது சாரின் கட்சி.

இயேசு சபையார் கல்வியில் எதையும் தற்செயலுக்கு விடுகிறவர்கள் அல்லர். 1599-லேயே 'ராட்சியோ ஸ்டுடியோரம்' என்ற கல்வித் திட்டத்தை வகுத்தவர்கள். பாடம் எப்படி நடத்துவது, மாணவன் தேர்வு எப்படி எழுதுவது என்பதற்கெல்லாம் அதில் விதி உண்டு. மைக் செட் யார் பொறுப்பு என்று மட்டும் இல்லை. அந்த ஓட்டைக்குள்தான் சார் விழுந்தார். ஜூலை 31, சபை நிறுவனர் இஞ்ஞாசியார் விழாவில் மைக் 'கீ' என்று கத்தினால் ஆயிரம் தலைகள் ஒரே சமயத்தில் திரும்புவது பாடுகிறவர் பக்கம் அல்ல, தூணுக்குப் பின்னால் நிற்கும் சார் பக்கம்.

மாணவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்து பேண வேண்டும் என்பது சபையின் கொள்கை. இன்றைய தேதியில் அதை முழுசாகக் கடைப்பிடிப்பவர் சார் ஒருவர்தான், 'எமிஸ்' என்ற அரசுக் கல்வித் தகவல் தளத்தின் புண்ணியத்தில். யாருக்கு என்ன ரத்த வகை, யாருடைய பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கிறது, எந்த அப்பா செல்போன் நம்பரை அடிக்கடி மாற்றுகிறார் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பையனின் முகம்தான் தெரியாது.

கேள்வித்தாள் சமயத்தில் அவரைப் பார்க்க வேண்டும். தமிழையா வீட்டில் பாமினி எழுத்துருவில் தட்டி, பென்டிரைவில் கொண்டுவருவார். ஆபீஸ் கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாக நிற்கும்.

"என்ன சார், உங்க சிஸ்டம் என் தமிழைக் கெடுத்துடுச்சு!"

"ஐயா, 2010-லயே அரசாங்கம் யூனிகோடுக்கு மாறச் சொல்லியாச்சு."

"அரசாங்கம் மாறட்டும். நான் மாறல."

சார் மாற்றிக் கொடுப்பார். அங்கங்கே ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஆளுக்கொரு பக்கம் தாவியிருக்கும். தமிழையாவுக்கு அது பொறுக்காது. "ஏகாரத்துக்கு இரட்டைச்சுழிக் கொம்பு கொடுத்தவரே இயேசு சபைக்காரர்தான், வீரமாமுனிவர். தெரியுமா?"

"தெரியுங்க ஐயா. அவர்கிட்ட யாரும் பென்டிரைவ் கொண்டுவந்து கொடுக்கல."

உண்மையில் சாரின் பரம்பரை வீரமாமுனிவரைவிடப் பழையது. அபிசீனியாவுக்குப் போக வேண்டிய அச்சு இயந்திரம் ஒன்று 1556-இல் கோவாவிலேயே தங்கிவிட்டது. அங்கே தூய பவுல் கல்லூரியில் அதை ஓட்டியவர் புஸ்தமாந்தே என்ற பிரதர். இந்தியாவின் முதல் சிஸ்டம் சார் என்று நான் அவரைத்தான் சொல்வேன். அப்புறம் கோவாவில் கொன்சால்வஸ் என்ற பிரதர் தமிழ் எழுத்துகளை வார்த்தார். கொல்லத்தில் ஃபாரியா வார்த்தார். 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கத்தில் வெளிவந்தது. அதை ஆக்கித் தந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரின் பெயர் பாடப் புத்தகம் வரை வந்துவிட்டது. எழுத்து வார்த்தவர் யார் என்று கேட்டால் வரலாற்று ஆசிரியரே தலையைச் சொறிவார்.

இதைச் சாரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பிரதர்களுக்கும் தொகுப்பூதியம்தானா?" என்று கேட்டார். துறவிகள், சம்பளமே கிடையாது என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தது திருவள்ளூரை அடுத்த காக்களூரில். "நம்ம மாவட்டத்துல ஆரம்பிச்ச வினை" என்று சார் இன்னும் சொல்வார். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பையன்கள் வரிசையில் நின்றார்கள்: "சார், ஆன் பண்ணா பாஸ்னு யாரோ வர்றார்." அது சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன, அதன் பெருமை என்ன என்று சார் உணர்ச்சிவசப்பட்டு விளக்கினார். பையன்களும் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் ஒருவன், "சரிங்க சார், இதுல ரஜினி படம் ஓடுமா?" என்றான்.

பள்ளியை நடத்துவது ஃபாதர்கள் என்று ஊர் நினைக்கிறது. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. மாகாணத் தலைவரிடமிருந்து மாற்றல் வந்தால் ஃபாதர் ஒரு பெட்டியோடு கிளம்பிவிடுவார். பாஸ்வேர்ட் சாரிடம் தங்கிவிடும். தங்குவதும் பெரிய ரகசியமில்லை. இஞ்ஞாசியார் பெயரும், சபைக்குப் போப்பாண்டவர் ஒப்புதல் தந்த 1540-ம் சேர்ந்தால் பாதி கணினிகள் திறந்துகொள்ளும். ஒரு ஃபாதர் ஸ்மார்ட் போர்டு வாங்குவார், அடுத்தவர் கரும்பலகைதான் கல்வி என்பார், அதற்கடுத்தவர் ஸ்மார்ட் போர்டின் மேலேயே நோட்டீஸ் ஒட்டுவார். மூவருக்கும் "ஆகட்டும் ஃபாதர்" என்ற ஒரே பதிலை வைத்துக்கொண்டு சார் காலம் தள்ளிவிட்டார்.

இந்த ஜூனில் வந்திருப்பவரைப் பற்றித்தான் கவலை. எம்.சி.ஏ. படித்த ஃபாதராம். வந்த அன்றே சர்வர் அறைக்குள் குனிந்து நுழைந்து, நீல நிற ஒயர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "சார், இது எங்க போகுது?" என்று கேட்டிருக்கிறார். அது எங்கே போகிறது என்று சாருக்கும் தெரியாது. பிடுங்கினால் ஸ்கூல் மணி அடிக்காது என்பது மட்டும்தான் தெரியும்.