பலசாலி வண்டு

கேள்வி: எடை தூக்குவதில் யானை பலசாலியா, எறும்பு பலசாலியா, கிரேன் பலசாலியா?

பதில்: மொத்த எடைதான் கணக்கு என்றால் கிரேனை அடித்துக்கொள்ள ஆளில்லை. சீனாவின் யான்டாய் நகரிலுள்ள ‘தைசன்’ கிரேன், 2008-ல் தண்ணீர் நிரப்பிய மிதவை ஒன்றைத் தூக்கியது. எடை 20,133 டன்! யானையின் தும்பிக்கை 300 கிலோ வரை தூக்கும். அதன் உடம்பு எடைக்கு அது கொசுறுதான்.

உடம்பு எடையோடு ஒப்பிட்டால் ஆட்டமே மாறிவிடும். எறும்புக்கும் மேலே ஒரு கொம்பன் இருக்கிறான்: கொம்புள்ள ஒரு வகைச் சாணி வண்டு. பெண் வண்டு இருக்கும் சுரங்கத்துக்குள் இரண்டு ஆண் வண்டுகள் கொம்போடு கொம்பு கோத்து, ஒன்றையொன்று வெளியே தள்ளப் பார்க்கும். அந்தப் பலத்தை அளக்க, ஓர் ஆண் வண்டின் முதுகில் நூலை ஒட்டி, மறுமுனையில் குட்டி வாளியைக் கட்டி, தண்ணீர் விட்டு விட்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2010-ல் வெளியான முடிவு: தன் எடையைப் போல 1,141 மடங்கு இழுவையை அது தாங்கியது!

எப்படி? சின்ன உருவம்தான் காரணம். உருவம் இரு மடங்கு நீளமானால் தசையின் பலம் 4 மடங்குதான் கூடும். எடையோ 8 மடங்கு ஏறிவிடும். எறும்பை யானை அளவுக்குப் பெருக்கினால், சுமை இருக்கட்டும், தன் உடம்பையே தூக்கி நிற்க அதனால் முடியாது.