பூக்கட்டிப் பார்த்தலில் மறுமுறை உரிமை: ஓர் ஆய்வு

பூக்கட்டிப் பார்ப்பது பற்றிப் பக்தர்களும் பேசியிருக்கிறார்கள், பகுத்தறிவாளர்களும் பேசியிருக்கிறார்கள். இரண்டு தரப்பும் மோதிக்கொள்வது ஒரே கேள்வியில்தான்: வந்த விடை பலிக்குமா, பலிக்காதா? அந்த வழக்கில் இக்கட்டுரை வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல. பக்கத்திலேயே வேறொரு துறை ஆளில்லாமல் காலியாகக் கிடக்கிறது. பொட்டலத்தைப் பிரித்து, வேண்டாத நிறத்துப் பூ வெளியே வந்துவிட்டால், அடுத்த அரை நிமிடத்தில் அங்கே நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே அந்தத் துறை. அதற்கு ‘மறுமுறை உரிமை’ என்று பெயர் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் நடைமுறை. ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியே காகிதத்திலோ இலைத் துண்டிலோ மடித்து, குலுக்கி, சாமி முன்னால் போட வேண்டும். விவரம் தெரியாத ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். சில ஊர்களில் இது தலைகீழ். இந்த ஊர் வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் உதவும்.

கருவியைப் பரிசோதித்ததில் சில குறைகள் தென்பட்டன. வெள்ளைக்கு மல்லிகையையும் சிவப்புக்குச் செம்பருத்தியையும் வைப்பவர்கள் பலர். மல்லிகை காகிதத்துக்குள் இருந்தாலும் சும்மா இருக்காது, வாசனை வந்துவிடும். செம்பருத்தி எவ்வளவு அமுக்கினாலும் பொட்டலம் புடைத்துக்கொண்டு நிற்கும். மூக்கடைப்பு இல்லாத எந்தக் குழந்தையும் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். நாட்காட்டித் தாளில் மடித்தால் ஒன்றின் வெளிப்பக்கத்தில் தேதியும் இன்னொன்றில் ராகு காலமும் அமைந்துவிடுகின்றன. மடித்தவருக்கு எது எதுவென்று அப்போதே தெரியும். மடிப்பவர் பெரும்பாலும் கேள்வி கேட்பவரே. குற்றமற்ற கருவி வேண்டுமென்றால் வெள்ளரளி, செவ்வரளி இரண்டையும் ஒரே அளவில் பறித்து, ஒரே தாளைச் சரிபாதியாகக் கிழித்து மடிக்க வேண்டும். இந்த யோசனையை எடுத்துச் சொன்ன இடங்களிலெல்லாம், ‘சாமி விஷயத்துல இவ்வளவு சந்தேகம் கூடாது’ என்றார்கள். சந்தேகம் இல்லாதவர்கள் ஏன் பூக்கட்டிப் பார்க்கிறார்கள் என்பது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

குறி கேட்பவருக்குச் சாதகமாகக் கருவியைச் சாய்த்து வைக்கும் மரபு நமக்குப் பழையது. சங்க அகப்பாடல்களில் பெண் மெலிந்துபோனால் தாய் குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைப்பாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பி நான்கு நான்காக எண்ணிக் கழிப்பாள். மிச்சம் ஒன்றோ இரண்டோ மூன்றோ வந்தால் முருகன் அணங்கியது. நான்கு வந்தால் வேறு நோய் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நான்கில் மூன்று பங்கு, அதாவது 75 விழுக்காடு, முருகன் தலையில்தான் விழும். உடனே முருகன் பூசாரியான வேலன் வருவான், கழங்குக் காயை உருட்டுவான், அவனும் அதையே உறுதிசெய்வான், ஒரு ஆட்டுக்குட்டிக்கு ஆயுள் முடியும். பெண் மெலிந்ததற்கு உண்மையான காரணம் பக்கத்து மலைக்காரப் பையன். அந்த விடைக்கு முறத்தில் இடமே ஒதுக்கப்படவில்லை. ஐங்குறுநூற்றில் வெறிப்பத்து என்று பத்துப் பாட்டு முழுக்க இந்தக் கூத்துதான். தாய்க்கும் மகிழ்ச்சி, வேலனுக்கும் வருமானம், தோழிக்கு மட்டும் சிரிப்பை அடக்கும் வேலை.

சோழியில் இன்னும் நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. கேரளத்து அஷ்டமங்கலப் பிரச்னத்தில் 108 சோழிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குவியலையும் எட்டெட்டாகக் கழித்து மிச்சத்தைக் குறித்துக்கொள்வார்கள். மிச்சமே இல்லையென்றால் எட்டு. வரும் மூன்று எண்களில் முதலாவது இறந்த காலம், நடுவிலுள்ளது நிகழ்காலம், கடைசி எதிர்காலம். மேலோட்டமாகப் பார்த்தால் எட்டு, எட்டு, எட்டு என்று 512 விதமான விடைகள் வரலாம் போலத் தோன்றும். ஆனால் 108ஐ எட்டால் வகுத்தால் மிச்சம் நான்கு. ஆகவே சோழி ஒன்றுகூடக் குறையாமல் இருந்தால், மூன்று எண்களின் கூட்டுத்தொகை 4, 12, 20 என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். விடைகள் 64ஆகச் சுருங்கிவிடுகின்றன. இறந்த காலம் மூன்று, நிகழ்காலம் ஆறு என்றால் எதிர்காலம் மூன்று, வேறு வழியில்லை. போனதும் இருப்பதும் தெரிந்துவிட்டால் வரப்போவது வெறும் கழித்தல் கணக்கு. இந்தத் தத்துவத்துக்காகவே அந்த முறைக்கு ஒரு கும்பிடு போடலாம். மூன்றாவது குவியலை மட்டும் எண்ணாமலே விட்டு நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று ஒரு ஜோதிடரிடம் பணிவுடன் தெரிவித்தபோது, அவர் தட்சிணையையும் அதேபோல மிச்சப்படுத்திவிடப் போகிறோமோ என்ற கவலையோடு பார்த்தார்.

ஒப்பீட்டு ஆய்வுக்குக் கடல் கடப்போம். கி.பி. 98இல் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ஜெர்மானியக் குடிகளைப் பற்றி ‘ஜெர்மானியா’ என்ற நூலை எழுதினார். அதன் பத்தாம் இயலில் அவர்கள் குறி பார்க்கும் விதம் வருகிறது. காய்க்கும் மரம் ஒன்றின் கிளையை வெட்டித் துண்டு துண்டாக்கி, துண்டுக்கொரு குறி பொறித்து, வெள்ளைத் துணிமீது தாறுமாறாக வீசுவார்கள். ஊர்க் காரியமென்றால் பூசாரி, வீட்டுக் காரியமென்றால் குடும்பத் தலைவர், வானத்தைப் பார்த்தபடி மூன்றை எடுத்துப் பலன் சொல்வார். அந்தக் குறிகள் பிற்காலத்து ரூன் எழுத்துகள்தானா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பழைய ரூன் வரிசையில் 24 எழுத்து. இன்று கடையில் சுருக்குப்பையில் போட்டு விற்கும் ரூன் கற்களை எண்ணினால் பெரும்பாலும் 25 இருக்கும். அந்த இருபத்தைந்தாவது கல்லில் ஒன்றுமே எழுதியிருக்காது. ரால்ஃப் பிளம் என்ற அமெரிக்கர் 1982இல் வெளியிட்ட புத்தகத்தால் பரவிய புதுமை அது. எழுதாத கல்லுக்கும் பலன் உண்டு. ஒன்றும் எழுதாததற்கு விளக்கம் மட்டும் நீளம்.

நமக்கு வேண்டியது டாசிட்டஸ் போகிறபோக்கில் சொல்லும் வேறொரு விதி. துண்டுகள் ‘வேண்டாம்’ என்றால், அந்தக் காரியத்தைப் பற்றி அன்றைக்கு மறுபடி கேட்கக் கூடாது. ‘ஆகட்டும்’ என்றால் மட்டும் போதாது. பறவைகளின் குரலையும் போக்கையும் பார்த்து இன்னொரு தரம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். மறுப்பு ஒரே தரம், சம்மதம் இரண்டு தரம். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்து யோசிக்க வேண்டிய இடம் இது. நம் பக்கத்தில் வெள்ளைப் பூ வந்த பிறகு ‘எதற்கும் இன்னொரு தரம் பார்த்துவிடலாம்’ என்று சொன்ன ஒரு ஜீவனையும் கள ஆய்வில் காண முடியவில்லை. வெள்ளை வந்தால் கற்பூரம், சிவப்பு வந்தால் காரணம்.

அந்தக் காரணங்களைத் தொகுத்தால் அதுவே ஒரு நிகண்டு. எடுக்கும்போது குழந்தை தும்மியது. இடக்கையால் எடுத்தது. பொட்டலம் விழுந்தபோது ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. நடுவில் யாரோ குறுக்கே போனார்கள். குறுக்கே போனவருக்குத் தீட்டு இருந்திருக்கலாம். மின்சாரம் போய்விட்டது. கேட்ட கேள்வியே தெளிவாக இல்லை. ‘இந்த வரனை முடிக்கலாமா’ என்று கேட்டோமே தவிர ‘இந்த வைகாசியிலா’ என்று சொல்லவில்லை, சாமி எந்த வைகாசியென்று எடுத்துக்கொண்டதோ? இவற்றுள் கடைசி வகை மிக உயர்ந்தது. பழி கேட்டவர்மீதும் விழாமல், கேட்கப்பட்ட தெய்வத்தின்மீதும் விழாமல், இலக்கணத்தின்மீது விழுந்துவிடுகிறது.

அப்படியென்றால் தமிழனுக்குச் சீட்டை நேர்மையாக எடுக்கவே தெரியாதா? தெரியும். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் சான்று. ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடவோலை. ஊரின் பகுதிகளான முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, வாயோலை பூட்டிக் குடத்தில் இடுவார்கள். பெரியவர் சிறியவர் பாகுபாடின்றிச் சபை கூடும். ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வந்து உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். ஒன்றுமறியாத சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் கொட்டிக் குலுக்கி, அதே சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! அவன் வாசித்ததும் நம்பிமார் அத்தனை பேரும் வாசிப்பார்கள். அப்புறம்தான் பெயர் பதிவு.

வயது 35க்கு மேல் 70க்குள், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும்; முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவனுடைய சித்தி மகன் அத்தை மகன் வரைக்கும் தகுதி கிடையாது. இத்தனை பூட்டு. இவ்வளவு விவரமான கல்வெட்டில் ‘எடுத்த ஓலை பிடிக்காவிட்டால்’ என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஏரியும் பொன்னும் தோட்டமும் அடுத்தவன் கைக்குப் போகும் விஷயத்தில் விரலிடுக்கைக்கூட நம்பாத நாம், சொந்த மகளின் கல்யாணத்தில் மல்லிகை வாசனையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோம். இதுவே இவ்வாய்வின் மையமான கண்டுபிடிப்பு; இதற்கு முனைவர் பட்டம் கிடைக்காது என்பதும் தெரியும்.

குழந்தையைப் பற்றி ஓரிரு சொல். உத்திரமேரூர்ச் சிறுவன், பிரச்ன மண்டபத்தில் ராசிக் கட்டத்தில் பொன் வைக்கும் குழந்தை, பூப்பொட்டலம் எடுக்கும் பேரன், மூவரும் ஒரே பணியாளர் வகுப்பு. சம்பளம் வாழைப்பழம். ஒன்றுமறியாமை என்ற தகுதி மூன்று வயதோடு காலாவதியாகிவிடுகிறது என்பதே நடைமுறைச் சிக்கல். நான்கு வயதுக்காரன் பொட்டலத்தைப் பார்ப்பதில்லை, பாட்டியின் முகத்தைப் பார்க்கிறான்.

கிளியும் இந்த வகுப்பில் சேர வேண்டியதே. ஆனால் அதற்கு மறுமுறை உரிமை சட்டப்படி பறிபோயிற்று. 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று சீட்டு எடுத்துக் கொடுத்தது ஒரு கிளி. கிளியைக் கூண்டில் வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றமென்று வனத்துறை ஜோசியரைப் பிடித்தது. வேட்பாளர் தோற்றார். கிளிக்குத் தன்னைப் பற்றிய சீட்டு எடுக்க வாய்ப்பே தரவில்லை. சட்டத்துக்கும் சீட்டுக்கும் பகை என்று இதனால் முடிவுகட்டிவிடக் கூடாது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, இரண்டு வேட்பாளர்கள் சமமாக வாக்கு வாங்கினால் தேர்தல் அதிகாரி அப்போதே குலுக்கல் நடத்த வேண்டும் என்கிறது. சீட்டு யாருக்கு விழுகிறதோ அவர் கூடுதலாக ஒரு வாக்குப் பெற்றதாகக் கொள்ளப்படும். அந்த வாக்கைப் போட்டது யார் என்று பிரிவு சொல்லவில்லை. நமக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இறுதியாக ஒரு கள ஆய்வு. மதுரைப் பக்கம் ஓர் அம்மன் கோயில், செவ்வாய்க்கிழமை காலை. என் அத்தை மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்கு நல்ல வேலை, தட்டில் எவ்வளவு வைப்பது என்பது வரை வீட்டில் பேசியாயிற்று. அத்தையே பொட்டலம் மடித்தாள். பேரன் எடுத்தான். சிவப்பு.

“பய தூக்கக் கலக்கத்துல எடுத்துட்டான்” என்றாள் அத்தை. முகம் கழுவிவிட்டு மறுபடி எடுத்தான். சிவப்பு. தேங்காய் உடைக்காமல் கேட்டது தப்பு என்று உடைத்தார்கள். மூன்றாம் தரமும் சிவப்பு. பேரன் பாட்டியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் குழம்பிப்போய் அழ ஆரம்பித்தான்.

சன்னதியில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அத்தை மாமாவைப் பார்த்தாள், மாமா உண்டியலைப் பார்த்தார். பிறகு அத்தை நிதானமாகத் திரும்பினாள்.

“ஏம் பூசாரி, இன்னிக்கி செவ்வாக்கிழமைல்ல?”

“ஆமா தாயி.”

“ஆத்தாளுக்கு செவ்வாக்கிழமையில உகந்தது என்ன பூவு?”

பூசாரி நாலு தலைமுறையாக அங்கே இருப்பவர். அம்மனை ஒரு பார்வை, அத்தையை ஒரு பார்வை பார்த்தார்.

“செவப்புதான் தாயி. எங்க அய்யா காலத்துல இந்தக் கோயில்ல செவப்பு வந்தாத்தான் உத்தரவும்பாக.”

“அப்பறம் என்ன, மூணு தரமும் ஆத்தா வாய்விட்டுல்ல சொல்லிருக்கா!” என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா பர்ஸைத் திறந்தார்.