இன்டர்வியூ மாமா

இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற வட்டக்கச்சியில் சிறுபோகக் கூட்டம் என்றால் முதலில் எழும்பிக் கதைக்கிறவர் இன்டர்வியூ மாமாதான். கூட்டம் இல்லாத நாட்களில் ஊர்ப் பிள்ளைகளை நேர்முகப் பரீட்சைக்குத் தயார் செய்வார். கந்தோர் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே கிராம சேவகர் முதல் விமானி வரை எந்த வேலைக்கும் அவரிடம் கேள்வி இருக்கிறது. இப்படி ஒருவர் இல்லாத ஊர் இல்லை; பென்சனோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார்களோ என்னவோ.

இப்போது அகப்பட்டிருப்பது, தாதியர் பயிற்சி முடித்துத் தனியார் ஆஸ்பத்திரி நேர்முகத்துக்குப் போகவிருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை. விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரை, கையில் பிளேன்ரீ, மூக்கு நுனியில் கண்ணாடி.

"நோயாளியின்ர பதிவில பிழையா எழுதிப்போட்டீர். என்ன செய்வீர்?"

"ஒற்றைக் கோடு போட்டு வெட்டுவன் மாமா. பழைய எழுத்து வாசிக்கக்கூடியதா இருக்கோணும். சரியானதை எழுதி, திகதி, நேரம் போட்டுக் கையெழுத்து வைப்பன்."

"டிபெக்ஸ்?"

"தொடவே கூடாது."

கந்தோரில் டிபெக்ஸால் வெள்ளையடித்தே காலம் தள்ளியவருக்கு இது கொஞ்சம் நொந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"வாட்டில சனம் கூட. மருந்தைக் குடுக்க முதலே குடுத்ததா எழுதி வைக்கலாமோ?"

"ஏலாது. குடுத்த பிறகுதான் எழுதுறது. அதைப் பாத்துத்தானே டொக்டர் அடுத்ததை முடிவெடுப்பார்."

அடுத்தது இரகசியம். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். 1893இல் அமெரிக்காவில் நைட்டிங்கேல் பெயரால் எழுதிய உறுதிமொழியிலேயே நோயாளியின் சங்கதி வெளியில் போகக்கூடாது என்று இருக்கிறதாம். இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாம். அதில் உடல்நலத் தகவல் விசேட வகையாம். ஆண்டும் இலக்கமும் சரிதான். இலிகிதர் அல்லவா!

"சொந்தக்காரர் வந்து, என்ன வருத்தம் எண்டு கேட்டா?"

"நோயாளியின்ர சம்மதம் இல்லாமச் சொல்லமாட்டன்."

"கெட்டிக்காரி!" ஒரு மிடறு குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது கிடக்க, எங்கட சந்திக் கடைக்காரர் நீர் பயிற்சியில நிண்ட வாட்டிலதானே கிடந்தவர். சுகர்தானோ, இல்லாட்டி வேற ஏதுமோ?"

"நோயாளியின்ர சம்மதம் இல்லாம..."

"உது இன்டர்வியூவுக்கு, பிள்ளை. இப்ப கேக்கிறது மாமா!"

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் நாட்டில் கிளினிக் கொப்பி நோயாளியின் கையோடுதான் திரிகிறது. சொப்பிங் பைக்குள் வைத்துக் கொண்டுபோகிற கொப்பியை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வாங்கிப் பார்த்து, மருந்து கூடவா குறையவா என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்.

பிள்ளை வாய் திறக்கவில்லை. மாமா உள்ளே போய்த் தன்னுடைய கொப்பியைக் கொண்டுவந்தார். பிரஷர் 170/100.

"இதை 130 ஆக்கிவிடும். மூத்தவன் கனடாவில இருந்து ஒவ்வொரு கிளினிக்குக்கும் வட்ஸ்அப்பில படம் கேக்கிறவன். கண்டானெண்டா மாமியிட்டச் சொல்லிக் கருவாட்டை நிப்பாட்டிப்போடுவான்."

"ஒற்றைக் கோடு போட்டு வெட்டலாம் மாமா. ஆனா பழைய இலக்கம் தெரியும். என்ர கையெழுத்தும் வைக்கோணும். ஏன் மாத்தினதெண்டும் எழுதோணும். கருவாடு எண்டு எழுதவோ?"

அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது. பின்னேரம் கனடாவுக்குப் படம் போனது. ஆஸ்பத்திரி முத்திரை, திகதி, மருந்துப் பட்டியல் எல்லாம் தெளிவு. மாமாவின் பெருவிரல் மட்டும் பிரஷருக்கு மேலே குந்தியிருந்தது.